பத்தாவதைத் தவிர

கணுக்காலை வட்டமாகச் சுற்ற வேண்டும், வலப்பக்கம் இருபது, இடப்பக்கம் இருபது, இது முதலாவது, பதினொன்று, பன்னிரண்டு, எண்ணிக்கை விட்டுப் போகிறது, போனால் போகட்டும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள், இல்லை, பார்க்கத்தான் வருகிறாள், ஐந்து மணிக்குப் பெர்னதெத் வருகிறாள், இப்போது நாலேகால். வெள்ளிக்கிழமை. நாளைக் காலை எனக்குச் சென்னைக்கு ரயில், ஞாயிறு விடியலில் ஓட்டம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பத்து மூன்று வயதில். அவர் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார், வீட்டில் நானும் பாயும் பீரோவும்தான். பீரோக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், உட்பக்கம்தான் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. பெர்னதெத் எழுதியது, முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி நிற்கும். ஒன்று, கணுக்கால். இரண்டு, விரல் நுனியில் ஏறி இறங்கு. நான்காவதுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'தாண்டாதே, எனக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறாள். பத்தாவது, ஒற்றைக் காலில் பத்துக் குதி, பிறகு மறு கால், எலும்பில் வலித்தால் ஓடாதே. ஓடாதேக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. தினமும் பத்தும் செய்கிறேன் என்று போனில் அவளிடம் சொல்லி வருகிறேன். மூன்று வாரமாக ஒன்பதுதான். இடது முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உட்பக்கம், கட்டைவிரல் வைத்தால் மறைந்துவிடுகிற அளவுக்கு ஓர் இடம். பரவலாக வலித்தால் தசை, விரல் வைத்த இடத்தில் மட்டும் வலித்தால் எலும்பு, இது ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். எனக்கும் தெரியும். அதனால்தான் அங்கே விரல் வைப்பதில்லை. டாக்டரிடமும் போகவில்லை, போனால் சொல்லிவிடுவார்.

பூரிக்கட்டையால் கெண்டைக்காலை உருட்டுகிறேன். இதற்கென்று கறுப்பு நிறத்தில் பஞ்சு உருளை விற்கிறார்கள், எங்கள் ஓட்டக் குழுவில் சின்னப் பெண்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பூரிக்கட்டை போதும், கழுவிவிட்டுத் திருப்பி அடுப்படியில் வைத்துவிடலாம். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது. குழுவின் வாட்ஸ்அப்பில் இந்த வாரம் எல்லோரும் 'கால் இறகு மாதிரி இருக்கு' என்று போடுகிறார்கள். ஓட்டத்துக்கு முந்தின வாரம் ஓட்டக்காரர்கள் சொல்கிற பொய் கல்யாணத் தரகர்கூடச் சொல்ல மாட்டார். நானும் போட்டேன், கூடவே ஒரு இறகுப் படமும். அப்போதெல்லாம் குழுவும் இல்லை வாட்ஸ்அப்பும் இல்லை, நானும் பெர்னதெத்தும் இரண்டு பேர்தான். முதல் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தபோது எனக்கு நாற்பது, அவளுக்கு நாற்பத்திரண்டு, 'நீங்க எதுவரைக்கும் ஓடுவீங்க மேடம்' என்று கேட்டாள், 'நீங்க எதுவரைக்குமோ அதுவரைக்கும்' என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் வீம்பு வியர்வையாக ஓடியது. ஜீயபுரம் வந்தபோது நீங்க போய் நீ வந்திருந்தது. முக்கொம்பில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது 'எந்திரிடி, கால் இறுகிடும்' என்றாள், என்னை அதற்கு முன் யாரும் டி போட்டதில்லை, அம்மாவைத் தவிர. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கரூர் ரோடு. ஒரு பக்கம் வாழைத்தோப்பு, மறுபக்கம் வாய்க்கால், ஈர மண் வாசனை, ஈரோடு பாசஞ்சர் எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னலிலிருந்து யாராவது கையாட்டுவார்கள், பெர்னதெத் ஒருத்தர் விடாமல் திருப்பி ஆட்டுவாள், 'மூச்ச வீணாக்காதடி' என்பேன். எனக்கு மனசை இழுத்துப் பிடிக்க விளக்குக் கம்பங்கள், இந்தக் கம்பம் வரைக்கும், சரி அந்தக் கம்பம் வரைக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு போவேன். அவளுக்கு ஜெபமாலை. விரலில் மோதிரம் மாதிரி பத்து மணி வைத்த வளையம் ஒன்று போட்டிருப்பாள், ஒரு முழு ஜெபமாலை இரண்டு கிலோமீட்டர், அது அவள் கணக்கு. பாலம் ஏறும்போது மட்டும் துக்க தேவரகசியம், சிலுவைப்பாட்டை நினைத்துச் சொல்வது. 'ஏத்தத்துல மகிழ்ச்சி சொன்னா பொய் ஆயிடும்டி' என்பாள். பத்தொன்பது ஞாயிறு கேட்டதும் எனக்கே அருள் நிறை மந்திரம் மனப்பாடம், ஒருநாள் பெருமாள் சன்னதியில் கண்ணை மூடி நின்றால் வாயில் அதுதான் வந்தது, பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது கம்பரசம்பேட்டையில் கடலை மிட்டாய். ஒன்றுதான் கொண்டு வருவாள், இரண்டாக உடைப்பாள், என்றைக்கும் சரிபாதி வராது, கணக்கு டீச்சர்தான், பெரிய பாதி எப்போதும் எனக்கு. நானும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. இன்னொன்று, எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது, ஓடும்போது வலி என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொன்னால் மற்றவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நான்தான் கொண்டு வந்தேன் அந்தச் சட்டத்தை. பெரிய புத்திசாலித்தனம் என்று அப்போது நினைப்பு.

சுவரில் கையூன்றி முட்டியைச் சுவருக்குக் கொண்டு போக வேண்டும், குதிகால் தரையை விடக்கூடாது. பாதத்துக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று அர்த்தம். வலது நாலு. இடது இரண்டரை. போன மாதம் மூன்றரை இருந்தது. சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது, நெற்றியை வைத்துக்கொள்கிறேன், நல்லா இருக்கிறது, காதை வைத்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி. என் காது பொல்லாத காது. இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான், முதல் பத்து வருஷம் டிரங்கால் மேஜையில். ஹெட்போனை மாட்டினால் லைனில் ஓடுகிற இரைச்சலை வைத்தே புதுக்கோட்டைப் பக்கம் மழை என்று சொல்லுவேன், பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அந்தக் காதோடுதான் பெர்னதெத்துக்குப் பின்னால் அரை அடி தள்ளி ஓடினேன். அவள் காற்றைத் தடுப்பாள், வேகத்தைப் பிடிப்பாள், நான் ஒட்டிக்கொண்டு போவேன். அவள் கால் சத்தம் எனக்கு என் வீட்டுக் கடிகாரம் மாதிரி, தப் தப் தப், கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். அது மாறியது ஓர் அக்டோபர் மாதத்தில். முத்தரசநல்லூர் தாண்டி, மழை பெய்து விட்டிருந்தது, ரோடு கறுப்பாக இருந்தது, தப், தொப், தப், தொப். வலது கால். ஒரு நூல் அளவு தாமதம். முதலில் ஷூவில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ரோடு காய்ந்திருந்தது, தொப் அப்படியே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, வாயில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் போட்டவள் நான், நானே எப்படி உடைப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. ஜனவரியில் சென்னையில் எங்களுக்கு முதல் நாற்பத்திரண்டு. ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அவள் முன்னால் ஓடாவிட்டால் என்னால் முடியாது. அதுதான் காரணம். நின்று, 'உன் வலது கால் சரியில்ல பெர்னி' என்று சொல்லியிருந்தால் ஐந்து வார்த்தை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பன்னிரண்டு ஞாயிறு, ஐந்து வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும், முப்பது எண்ணும் வரை, இது ஏழாவது. மேலே மின்விசிறி, மெதுவாகச் சுற்றுகிறது, ஒரு இறக்கையில் மட்டும் தூசி. இடுப்பைத் தூக்கினால் எனக்கு அவள் இடுப்புத்தான் ஞாபகம் வருகிறது, அதில் மூன்று திருகாணி. முப்பத்தொன்றாவது கிலோமீட்டர், ஒரு பஸ் நிறுத்தம், சிமெண்ட் பெஞ்சு. வெயில் ஏறிவிட்டிருந்தது. எனக்குத் தொண்டை வறண்டு, கண்ணில் உப்பு, ஆனால் கடிகாரம் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று எனக்கு முன்னால் முதுகு இல்லை. திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. 'என்னாச்சு' என்றேன். 'ஒன்னுமில்ல, சும்மா, நீ போ' என்றாள். 'நீயும் வா, மெதுவா நடக்கலாம்' என்று சொன்னேனா? சொன்னதாக நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். சொல்லவில்லை. அவள் இடுப்புப் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தாள், முழுசாக, உடைக்காமல். 'இந்தா. போடி, நேரம் போகுது.' நான் போனேன். பதினோரு கிலோமீட்டர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினேன், வெல்லம் உருகி விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது, தின்னவும் முடியவில்லை, எறியவும் மனசு வரவில்லை. நாலு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள், போட்ட பெண் என் கையைப் பார்த்து முகம் சுளித்தாள். பெர்னதெத்தை ஆம்புலன்ஸில் கொண்டு போன விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய விரிசல் மாதக் கணக்காக இருந்திருக்கிறது, அன்றைக்கு முழுசாக விட்டுவிட்டது. இனி ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதக்கம் இதே பீரோவில்தான் புடவைக்கு அடியில் இருக்கிறது. அவள் வரும்போதெல்லாம் பீரோவைப் பூட்டிவிடுவேன்.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்து, பிசியோதெரபிக்குப் போய் வந்தவள், அங்கே கற்றுக் கொடுத்ததையெல்லாம் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பீரோக் கதவில் தன் கையாலேயே ஒட்டினாள். 'நம்ம ரெண்டு பேரும் ஒரு நாளாச்சும் காலை நீட்டி மடக்கினோமாடி? ஷூவ மாட்டுனோம் ஓடுனோம். மாட்டுக்குக்கூட லாடம் பார்த்து அடிக்கிறாங்க' என்றாள். சிரித்தேன். அவள் போனபின் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். இப்போது இந்த ஞாயிறு அதே ரோடு, அதே ஓட்டம். ஏன் போகிறேன் என்று யாருக்கும் தெரியாது, நேரத்துக்காக இல்லை, பதக்கத்துக்காகவும் இல்லை. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். அன்றைக்கு உட்காராததை இன்றைக்கு உட்கார்ந்துவிட்டு, அப்புறம் முடிந்தால் முடிக்கிறேன், இல்லாவிட்டால் இல்லை. பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கிறதா, இருக்கட்டும். ஆனால் போன வாரம் காலையில் காவிரிப் பாலத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன், வண்டி எதுவும் இல்லை, எனக்கே கேட்டது. தப், தொப். நின்றேன். ஓடினேன். தொப். இந்த முறை இடது கால். இந்த முறை என் கால். ஓயாமரிச் சுடுகாட்டுப் பக்கத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. என் காதுதான் பயத்தில் பொய் சொல்கிறது என்று வைத்துக்கொண்டேன். தன் கால் சத்தம் தனக்கு ஒழுங்காகக் கேட்குமா என்ன. ஒன்பதாவதும் முடிந்துவிட்டது. எழுந்து நிற்கிறேன். வலது காலில் பத்துக் குதி, குதித்தேன், கீழ் வீட்டுக்காரர் மன்னிக்கட்டும். இனி இடது. வலது காலைத் தூக்கிவிட்டேன். இடது காலில் நிற்கிறேன். பீரோக் கண்ணாடியில் கொக்கு மாதிரி ஒருத்தி. குதி. குதிக்க மாட்டேன் என்கிறது, கால் இல்லை, நான். குதித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பெஞ்சு இல்லை. குதிக்காவிட்டால் எலும்பு இல்லை. ஒன்று எண்ணிவிட்டு, இல்லை மூன்று எண்ணிவிட்டு. மாடிப்படியில் சத்தம். தப், தொப். தப், தொப். லிப்ட் இருக்கும்போதும் மூன்று மாடி ஏறித்தான் வருவாள், அதுவும் அவளுக்குப் பயிற்சியாம். காலைக் கீழே வைத்தேன். இந்தச் சத்தத்தை இனி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். பீரோவைப் பூட்டவில்லை, நேராகப் போய்க் கதவைத் திறந்தேன்.

"என்னடி, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? பத்தாவது செஞ்சியா?" உள்ளே வரும்போதே கேட்டாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

செஞ்சேன் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மூன்று வாரமாகப் பழகிய வார்த்தை.

"இல்ல பெர்னி. மூணு வாரமா செய்யல. ஒரு உதவி பண்ணு. இங்க ஸ்டூல்ல உட்காரு, கண்ண மூடிக்கோ. நான் வெளிய வராந்தாவுல ஓடறேன். என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லு."

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் வைத்தாள், கண்ணை மூடினாள். எங்கள் மாடி வராந்தா நாற்பது தப்படி. போனேன், வந்தேன். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நாலாவது முறை வரும்போது பெர்னதெத்தின் உதட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜெபம் நின்றிருந்தது.

"போதும், நில்லு."

"என்ன கேட்டுச்சு?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அன்னிக்கு உனக்கு என்ன கேட்டுச்சோ, அதான்."

எக்ஸ்சேஞ்சில் சில நேரம் லைன் சட்டென்று செத்துவிடும், இரைச்சல்கூட இருக்காது. அப்படி இருந்தது. தெரியும். நாலு வருஷமாக இவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தாள் எழுதினாள், தெரிந்துதான் படியேறி வந்தாள், தெரிந்துதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொடுத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"புதுக்கோட்டையில மழை பேஞ்சா இங்க உட்கார்ந்து சொல்றவ. அரை அடி முன்னால என் கால் உனக்குக் கேக்காதா? எனக்கே கேட்டுச்சுடி. நீ வாயத் திறந்து சொன்னா நிறுத்திடலாம்னு ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துட்டே இருந்தேன். நானா சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னு சொல்லல."

"பெர்னி, நான் வேணும்னுதான்..."

"தெரியும். உட்காரு."

நான் உட்காரவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். ஒன்று. ஒன்றுதான். அந்தக் கட்டைவிரல் அளவு இடத்திலிருந்து சுரீரென்று தலை வரைக்கும் போனது, அவள் தோளிலேயே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலிக்குது, என்றேன். வலிக்குது பெர்னி, ரொம்ப வலிக்குது. பதின்மூன்று வருஷத்தில் அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அந்தப் பெஞ்சு, அங்கே நிற்க நினைத்தது, கையில் உருகிய மிட்டாய், எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன்.

அவள் ஸ்டூலிலிருந்து மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என் பக்கத்தில் தரையில் இறங்கினாள். அவளுக்குத் தரையில் உட்காருவது லேசு இல்லை.

"அந்த பஸ் ஸ்டாப்புல என்னடி இருக்கு? பெஞ்சுக்குப் பக்கத்துல ஒரு குப்பைத்தொட்டி இருந்துச்சு, நாத்தம். அவ்வளவு ஆசையா இருந்தா உன் கால் சரியானதும் ரெண்டு பேரும் ரயில்ல போயி, ஆட்டோ புடிச்சு, உட்கார்ந்து பார்த்துட்டு வருவோம். நாளைக்குக் காலைல முதல்ல டாக்டர். நானும் வரேன். உன்ன தனியா விட்டா பாதி வழியில திரும்பிடுவ."

சரி என்று தலையாட்டினேன். கைப்பையைத் திறந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குக் கொடுத்தனுப்ப வாங்கி வந்த கடலை மிட்டாயை எடுத்தாள், தாளைப் பிரித்தாள், முட்டியில் வைத்து உடைத்தாள். வழக்கம்போலச் சரிபாதி வரவில்லை. இரண்டையும் பார்த்தாள், பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சின்னதை என்னிடம் நீட்டினாள்.